எஸ்தரின் லீவரை நான் கெடுக்காத கதை

போன வாரம் சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று நம் ஜாய்ஸ்டிக் ரிப்பேர் கடைக்கு வந்தேன். செவிலிமேட்டிலேயே இருந்துகொண்டு கடைப் பக்கம் வராமல் இருக்க என்னால் முடியாது. கண் மங்கிப்போனதால் வேலையைத்தான் விட்டேன், வம்பை விடவில்லை. உள்ளே நுழைந்ததும் என்ன பார்த்தேன்? வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள் உங்களில் ஒருவர் அவருடைய பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அடித்தகட்டைக் கழற்றி, பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, "சார், உங்களுக்கு எட்டு மூலை கேட் போட்டா சூப்பரா இருக்கும்" என்கிறார். வந்த மனிதர் இன்னும் வாயே திறக்கவில்லை!

யார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். சால்டரிங் எப்படி வைப்பது, சுவிட்ச் எப்படி மாற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது சாமுவேல், எஸ்தர் என்று இரண்டு பேரைப் பற்றி. இருவருமே என்னிடம் பெட்டி கொடுத்தவர்கள். ஒரே வாரத்தில் கொடுத்தார்கள் என்பதுதான் என் கெட்ட நேரம்.

முதலில் வந்தது சாமுவேல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவன். வாட்டசாட்டமான உடம்பு, குழந்தை முகம். சண்டை விளையாட்டு ஆடுகிற ஜாய்ஸ்டிக் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தான்.

"அக்கா, எட்டு மூலை கேட் போடுங்க. ஸ்பிரிங்கு இருக்கறதுலயே டைட்டா எது இருக்குதோ அதப் போடுங்க. எல்லாம் வீடியோல பாத்துட்டேன்."

(என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டால் வேலை தாமதமாகும் என்பது ஊருக்கே தெரியும். அதனால் எல்லோருக்கும் நான் அக்கா.)

"வீடியோல உன் கை வந்துச்சாபா?"

"என் கை எப்படிக்கா வரும்?"

"அப்ப உக்காரு. ஆடிக் காட்டு."

அவன் ஆடினான். நான் திரையைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தேன். லீவரை ஏதோ கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்தான். கீழே, குறுக்கே, முன்னே என்று மூன்று திசையும் ஒரே ஓட்டமாக வர வேண்டிய இடத்தில் நடுத்திசை விழவே இல்லை. கையை எடுத்தால் லீவர் நடுவுக்குத் திரும்ப யோசித்தது. இது கேட்டினால் வருகிற நோய் இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. கேட் என்பது லீவருக்கு அடியில் இருக்கிற ஒரு பிளாஸ்டிக் தட்டு, அவ்வளவுதான். லீவர் எதுவரை சாயலாம் என்று எல்லை போடும். லீவரை நடுவுக்குத் திருப்புவது அதன் வேலை இல்லை.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே, ஸ்பிரிங்கைச் சுற்றி, அச்சைச் சுற்றி, ஒரு சிறிய எலிக்கூடு. அரக்கு நிறத்தில் பளபளவென்று மின்னியது.

"இன்னாபா இது?"

அவன் தலையைச் சொறிந்தான். "பட்டு நூலுக்கா. கை வேர்த்து வழுக்குதுன்னு லீவர் தண்டுல சுத்தினேன். எங்கம்மா தறிக்கு நூல் சுத்திக் குடுக்குது இல்ல, கழிவு நூல் வீட்ல நெறய கெடக்குது."

உலகத்தில் எந்த ஊரிலாவது ஜாய்ஸ்டிக்குக்குப் பட்டு சுற்றுவார்களா? நம் ஊரில் சுற்றுவார்கள். மூக்குக்கண்ணாடியின் காதுப் பக்கம், சைக்கிள் கைப்பிடி, தோசைக்கரண்டி, எது வழுக்கினாலும் நம் ஆட்கள் கை தானாகக் கழிவு நூலைத் தேடும். பிடிப்பும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நூல் பிய்ந்து, தண்டு வழியாக இறங்கி, உள்ளே போய்க் குடித்தனம் நடத்தும். கம்பெனி கொடுக்கிற கையேட்டில் இதற்கு வைத்தியம் இருக்காது. காஞ்சிபுரத்துப் பெட்டியைத் திறந்தால் முதலில் நூல் இருக்கிறதா என்று பாருங்கள். இதை மட்டும் எங்காவது எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

நூலை எல்லாம் எடுத்தேன். தண்டுக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டேன். கை கனமானவன் என்பதால் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கமானதாக மாற்றினேன். கேட்டைத் தொடவில்லை. சதுர கேட்தான் அவனுக்குச் சரி. அவன் கை அதன் சுவரைத் தடவிக்கொண்டே போய் மூலையைக் கண்டுபிடிக்கிற கை. எட்டு மூலை வைத்தால் ஒவ்வொரு மூலையும் ஆழமில்லாமல் போகும், அவன் கை நழுவும்.

"கேட்ட மாத்தலயாக்கா?" என்றான், முகம் வாடிப்போய்.

"மாத்தல. நீயும் மாத்தாத."

"அக்கா, நான் வெளாட்டுக்குச் சொல்லல. இது சரியாவலன்னா எனக்குக் கல்யாணமே இல்ல."

"லீவருக்கும் கல்யாணத்துக்கும் இன்னாபா சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உசேன் பாய் ஒரு கேம் சென்டர் நடத்தினார். அங்கே யாராலும் ஜெயிக்க முடியாதவள் எஸ்தர். பட்டுக்கடை ஒன்றில் பில் போடுகிற பெண், விரல் அப்படி ஓடும். சாமுவேல் போகிற சர்ச்தான் அவளுக்கும். ஒரு நாள் அவளிடம் தோற்றுவிட்டு, தோற்ற ஜோரில், இந்த அசடு எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறான்: "எஸ்தர், எங்கம்மாவ உங்க வீட்டுக்குப் பொண்ணு கேக்க அனுப்பட்டா?" அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூட்டம் விசிலடிக்கிறது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்: "மொதல்ல என்ன ஒரு தடவ ஜெயி. அப்பறம் அனுப்பு."

அன்றிலிருந்து அவன் ஆடுகிறான், தோற்கிறான், மறுபடி ஆடுகிறான். இப்போது எஸ்தர் வீட்டில் வேறு வரன் பார்க்கிறார்கள். ஆரணியிலிருந்து அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறார்களாம். நடுவில் இருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் உசேன் பாய் கடையில் கடைசி ஆட்டம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. ஆடிப் பழகு என்று சொல்லிப் பெட்டியைக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாளே எஸ்தர் வந்து நின்றாள். கடையில் வேறு யாரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, பெட்டியை மேசைமேல் வைத்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, நமக்குள்ளயே இருக்கட்டும். இந்த லீவரக் கொஞ்சம் கெடுத்துக் குடுங்க."

இத்தனை வருஷத்தில் நல்லா இல்லை என்று வந்தவர்கள் உண்டு, இன்னும் நல்லா ஆக்கு என்று வந்தவர்கள் உண்டு. கெடுத்துக் கொடு என்று வந்தவள் இவள் ஒருத்திதான்.

"ஏம்மா, தோக்கணும்னா தோத்துட்டுப் போயேன். அதுக்கு எதுக்கு லீவரு?"

"தோத்துப் பாத்தேங்க்கா. போன வாரம் வேணும்னே அடி வாங்கினேன். அவன் பாதி ஆட்டத்துல எழுந்து போயிட்டான். 'எனக்கு நீ பிச்ச போடாத'ன்றான். சரி, நான் சொன்னத நானே வாபஸ் வாங்கிக்கறேன்னு சொன்னேன். அதுக்கும் ஒத்துக்க மாட்டேங்கறான். எல்லார் முன்னாடியும் பேசின பேச்சாம். ஜெயிச்சாதான் அம்மாவ அனுப்புவானாம்." அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, ஆனால் குரலில் கோபம்தான். "அவங்க வீட்லேர்ந்து வந்து கேட்டா எங்கம்மா ஒத்துக்கும்க்கா. அது எனக்கு நல்லாத் தெரியும். இந்த லூசு அனுப்பினாதானே?"

"லீவர் கெட்டா?"

"கெட்டா நான் நெஜமாவே ஆடுவேன், கை சொன்னது வராது, தோத்துடுவேன். அவனுக்கு சந்தேகம் வராது."

கெட்டிக்காரி. யோசித்துத்தான் வந்திருக்கிறாள். இதோ பாருங்கள், லீவர் பட்டு அழுத்துகிற சுவிட்சின் மெல்லிய இதழ் ஒன்றைக் கொஞ்சம் வளைத்தால் போதும். அரை நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் கல்யாணம். நானும் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வரலாம்.

பெட்டியை வைத்துவிட்டுப் போ என்றேன். அவள் போன பிறகு கையில் ஸ்குரூடிரைவரை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரி நேரத்தில் மனசு நல்ல காரணமாகவே எடுத்துக் கொடுக்கும், ஜாக்கிரதையாக இருங்கள். எனக்கும் கொடுத்தது. ஆனால் அந்தப் பையன் பிச்சை வேண்டாம் என்று எழுந்து போனவன். அவன் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் அவளோடு இருப்பான். எப்போதாவது ஒரு சண்டையில், "நீ எங்க ஜெயிச்ச? லீவருதான் ஜெயிச்சுது" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டால்? புருஷன் பெண்டாட்டி சண்டையில் வராத வார்த்தை உண்டா? தவிர, இரண்டு பேருமே என்னை நம்பிப் பெட்டி கொடுத்தவர்கள். ஒருவர் பெட்டிக்குள் வேலை செய்து இன்னொருவரை ஜெயிக்க வைத்தால், அப்புறம் நான் கொடுக்கிற எந்தப் பெட்டியையும் யாரும் நம்ப வேண்டியதில்லை.

தூசி தட்டினேன். துடைத்தேன். தளர்ந்திருந்த திருகை இறுக்கினேன். வேறு எதையும் தொடவில்லை. எஸ்தர் வந்தபோது, "பாக்க வேண்டியதப் பாத்துட்டேம்மா" என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். நேராகவே மறுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மறுத்திருந்தால் வீட்டுக்குப் போய் அவளே திறந்து எதையாவது வளைத்திருப்பாள். அதுவும் கோணலாக வளைத்திருப்பாள். நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். போகாமல் இருக்க முடியுமா? உசேன் பாய் கடையில் நிற்க இடமில்லை. சாயங்கால ஜெபம் முடிந்து சர்ச்சிலிருந்து நேராக வந்தவர்கள், சாமுவேலின் ஷிஃப்ட் ஆட்கள், எஸ்தரோடு பட்டுக்கடையில் வேலை செய்கிற பெண்கள். இருவரும் அவரவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலில் கை பழகுவதற்கு ஓர் ஆட்டம்.

அந்த ஆட்டத்திலேயே சாமுவேல் பரிதாபமாக அடி வாங்கினான். குனிந்து தடுக்க வேண்டிய அடியை எல்லாம் முகத்தில் வாங்கினான். கீழும் பின்னும் சேரும் மூலையில் லீவரை அழுத்திப் பிடித்தால்தான் அந்தத் தடுப்பு நிற்கும். அவனுக்கு நிற்கவில்லை.

எஸ்தர் கையை எடுத்துவிட்டாள். "இன்னாச்சு உனக்கு? தடுக்கக்கூடத் தெரியாதா?"

"தெரியும். நிக்க மாட்டேங்குது."

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். "பெட்டியத் தெறந்தியா?"

அவனுடைய குழந்தை முகம் சிவந்தது.

"எட்டு மூல கேட்டு போட்டியா?"

"காலைலதாங்க்கா. வீடியோல அந்த ஆளு..."

அந்த வீடியோக்காரன் மட்டும் அப்போது என் கையில் கிடைத்திருந்தால்! பழைய கேட் எங்கே என்றேன். வீட்டில் இருக்கிறதாம். வீடு முசரவாக்கத்தில், போய்வர நேரமில்லை. உசேன் பாய் கடிகாரத்தைப் பார்க்கிறார். "பேட்டா, அடுத்த பார்ட்டி வந்து வெளிய நிக்கறாங்க. ஆடறீங்களா, இல்லியா?"

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அப்படியே ஆடட்டும், கை பழகிவிடும் என்றான் ஒருவன். ஸ்பிரிங்கை மாற்று என்றான் இன்னொருவன். எஸ்தர் என் காதோரம் வந்து பதறினாள்: "அக்கா, என்துதான் கெட்டுப்போயிருக்குது. அவன்தும் கெட்டா அவன் எப்படி ஜெயிப்பான்? சீக்கிரம் எதனா பண்ணுங்க!"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன். எல்லோரும் கத்துகிற நேரத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கை எதற்குப் பழகியிருக்கிறது? பதில் சதுர கேட். அவ்வளவுதான், மற்ற யோசனை எல்லாம் தள்ளுபடி. மூலையில் பாயின் பழைய ஆர்கேட் இயந்திரம் ஒன்று நின்றது. அதிலும் அதே வகை லீவர்.

"பாய், இதுலேர்ந்து ஒரு கேட்டக் கழட்டிக்கட்டா?"

"கழட்டு, கழட்டு. எனக்கும் பிரியாணி முக்கியம்" என்றார் உசேன் பாய்.

கூட்டம் சிரித்தது. நான் கேட்டைக் கழற்றி, சாமுவேலின் பெட்டியில் மாட்டி, மூலைக்கு மூலை லீவரைத் தள்ளிப் பார்த்து, அவன் மடியில் வைத்தேன். "இப்ப ஆடு" என்றேன்.

ஆடினார்கள். முதலில் மூன்று ஆட்டம் ஜெயிப்பவர் வென்றவர். சாமுவேல் முதல் ஆட்டத்தை ஜெயித்தான்! கடை அதிர்ந்தது. அவன் கை அன்று அழகாக வேலை செய்தது. நெரிக்கவில்லை, விழ வேண்டிய திசை எல்லாம் விழுந்தது. நான் செய்த வேலை அவன் கையில் ஓடுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் அப்புறம்தான் எஸ்தரின் கையைப் பார்த்தேன். தன் லீவர் எப்போது கைவிடுமோ என்று அவள் எதிர்பார்த்துக்கொண்டே ஆடினாள். அவள் வேண்டுமென்றே தோற்பதாகத் தெரியக் கூடாது, நிஜமாக ஆடித்தான் தோற்க வேண்டும் அல்லவா? அதனால் வழக்கமான வேடிக்கை, வித்தை எதுவும் இல்லை. ஒவ்வொரு திசையையும் முழுசாக இழுத்தாள், ஒவ்வொரு தடுப்பையும் இரட்டிப்புக் கவனத்தோடு பிடித்தாள். லீவர் கெட்டது என்று நம்பியவள், கெடாத லீவரில், பிறந்ததிலிருந்து ஆடாத ஆட்டம் ஆடினாள். தைரியமான எஸ்தரையே அவன் ஜெயித்ததில்லை. பயந்த எஸ்தர் அதைவிடப் பொல்லாதவள். அது எனக்கு முன்னாடியே தோன்றவில்லை.

இரண்டு, இரண்டு என்று சமமாக வந்து நின்றது. கடைசி ஆட்டத்தில் இருவருக்கும் உயிர் நூலளவுதான் மிச்சம். சாமுவேல் முன்னே, கீழே, குறுக்கே என்று சுத்தமாக இழுத்து மேல்நோக்கி ஒரு குத்து விட்டான். அந்தக் குத்து அவனுக்கு அதுவரை ஒழுங்காக வந்ததே இல்லை. அன்று வந்தது. எஸ்தர் தடுத்தாள். அவன் தரையில் இறங்குவதற்குள் ஓர் உதை. முடிந்தது.

யாரும் கைதட்டவில்லை. அவளுடைய கடைப் பெண்கள்கூடத் தட்டவில்லை.

சாமுவேல் லீவரிலிருந்து கையை எடுத்தான். அப்புறம் பெட்டியைத் துண்டில் சுற்றினான். "லீவருல ஒரு குறையும் இல்லக்கா. நீங்க நல்லாதான் பண்ணிக் குடுத்தீங்க. அவ நல்லா ஆடினா, அவ்ளோதான்" என்றான்.

அந்த இதழைக் கொஞ்சம் வளைத்திருக்கலாமோ என்று அந்த நிமிஷம் நினைத்தேன். சரியாகச் செய்த வேலை இப்படி வந்து மேலே விழுகிற நாளும் உங்களுக்கு வரும். வந்தால் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான், வேறு வழி கிடையாது.

எஸ்தர் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க எதுவுமே பண்ணலயா?"

"தொடச்சுக் குடுத்தேம்மா."

"தொடச்சா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. சுற்றி நின்ற கூட்டத்தை மறந்துவிட்டாள். "உங்கள நம்பி லீவரக் கெடுக்கச் சொன்னா, நீங்க தொடச்சுக் குடுத்தீங்களா?"

சாமுவேல் அப்படியே நின்றான். "லீவரக் கெடுக்கச் சொன்னியா? எதுக்கு?"

"உன் மூஞ்சிக்கு! நீ ஜெயிக்கணும்னு."

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அப்ப நான் ஜெயிச்சிருந்தா..."

"உனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியாமயே போயிருந்தா ரொம்ப அசிங்கம் எஸ்தர்" என்றான் மெதுவாக. பிறகு, "பரவால்ல. நான் ஜெயிக்கணும்னு நீ நெனச்சதே போதும்" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் நடந்தான்.

"டேய், நில்லு."

அவன் நின்றான்.

"பந்தயம் போட்டது யாரு?"

"நீதான்."

"நான் இன்னா சொன்னேன்? நீ ஜெயிச்சா உங்கம்மா எங்க வீட்டுக்கு வரணும்னு சொன்னேன். நான் ஜெயிச்சா எங்கம்மா உங்க வீட்டுக்கு வரக் கூடாதுன்னு சொன்னேனா?"

பெண் வீட்டார் தட்டெடுத்துக்கொண்டு மாப்பிள்ளை கேட்டுப் போகிற வழக்கம் அவர்கள் தெருவிலும் இல்லை, நம் தெருவிலும் இல்லை.

"இல்ல" என்றான் சாமுவேல்.

"ஜெயிச்சவ நான். நான்தான் கேப்பேன். நாளைக்கு சாயங்காலம் எங்கம்மாவக் கூட்டிக்கினு உங்க வீட்டுக்கு வரேன். வீட்ல இரு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கு எனக்கு செகண்ட் ஷிஃப்ட்டு."

"லீவு போடு" என்றாள் எஸ்தர்.

போட்டான்.